அர்த்தநாரியின் தாங்குதிறன்

கருமலையின் அடிவாரத்தில் கருமலையூர் என்றொரு ஊர் இருந்தது; இன்னும் இருக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மலை முழுக்க இரும்புக்கல். மழை பெய்தால் ஓடையில் கறுப்பு மணல் இறங்கி வரும், அதில் காந்தத்தை வைத்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு எழும். அந்த மலைக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்தது ஒன்றுமில்லை, அதைத் தோண்டவில்லை, உருக்கவில்லை, அதன்மேல் ஏறிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மலையின் பெருமை முழுவதும் தங்களுடையது என்று நம்பினார்கள். முடிதிருத்தும் கடைக்கு இரும்பு என்று பேர் வைத்தார்கள், கபடிக் குழுவுக்கு இரும்பு என்று பேர் வைத்தார்கள், பக்கத்து ஊரிடம் தோற்றுவிட்டு வரும்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வந்தார்கள்.

அந்த ஊருக்கு ஒருநாள் ஹைட்ரஜன் ஆய்வு மையம் வந்தது. வேறு எந்த ஊரும் இடம் கொடுக்காததால் வந்தது. கருமலையூர்க்காரர்களோ தங்கள் யோக்கியதைக்காக வந்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

மையத்தில் நடந்த வேலை சொல்வதற்கு எளிது. இரும்பு ஆக்சைடை உருண்டை பிடித்து ஒரு கலனில் போடுவார்கள். கரியை அரைகுறையாக எரித்து எடுத்த கரிவாயுவைச் சூடாக உள்ளே விட்டால் அது உருண்டையிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகும், வெறும் இரும்பு மிஞ்சும். பிறகு நீராவியை விட்டால் அந்த இரும்பு பசித்துக் கிடந்தது போல நீராவியின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு ஹைட்ரஜனை வெளியே துப்பும். மறுபடி கரிவாயு, மறுபடி நீராவி. இப்படியே சுற்றிச் சுற்றி எத்தனை காலம் வேண்டுமானாலும் ஹைட்ரஜன் எடுக்கலாம், ஒரே ஒரு நிபந்தனை, உருண்டை தாங்க வேண்டும். உருண்டை தாங்கவில்லை. முதலில் நன்றாகத் துப்பும். சுற்று ஏற ஏறத் துகளும் துகளும் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகளெல்லாம் அடைத்து, கடைசியில் வழவழவென்று ஒரு கட்டியாகிப் போகும். அந்தக் கட்டியின் மேல் நீராவியை விட்டாலும் ஒன்றுதான், எச்சிலைத் துப்பினாலும் ஒன்றுதான்.

மையத்தின் இயக்குநர் முனைவர் சிவசைலம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். உருண்டை கட்டி தட்டியதும் அதற்கு வேறு பேர் வைப்பார். புதுப் பேரோடு அது மறுபடி முதல் சுற்றிலிருந்து ஆரம்பிக்கும். கருத்தரங்குகளில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் கருமலையூரில் இரும்பு தேய்வதே இல்லை என்று எண்ணிக்கொண்டு, மதிய சாப்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கலனைத் திறந்து கட்டியைச் சுரண்டி எடுக்கும் வேலை அர்த்தநாரியுடையது. ஐ.டி.ஐ. படித்தவன், நாற்பதை நெருங்குகிறவன், தன்னை யாராவது ஒரு தடவை பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிறவன். வேறு குறை அவனிடம் இல்லை, ஆனால் அந்த ஒரு குறை போதுமானதாக இருந்தது. அவன் மனைவி பாவாயி வீட்டில் ஜாக்கெட் தைத்தாள். ஊரிலுள்ள எல்லாப் பெண்களின் அளவும் அவளுக்குத் தெரியும் என்பதால் யாரிடமும் அவளுக்குப் பயம் இருக்கவில்லை.

ஒரு மாலை அர்த்தநாரி கலனைத் திறந்தபோது உள்ளேயிருந்து செந்தூள் புஸ்ஸென்று கிளம்பி அவன் மூக்கிலும் வாயிலும் ஏறியது. இருமினான், இரண்டு மிடறு தண்ணீர் குடித்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தான். காலையில் பாவாயி இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கவும், நீராவி எழும்பவும், பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டு நின்றிருந்த அர்த்தநாரி உச்சியிலிருந்து பாதம்வரை ஓடை மணல் மாதிரிக் கறுத்து மினுமினுத்தான். அவன் வாயிலிருந்து மணமற்ற ஒரு காற்று வந்தது. அது அடுப்பை எட்டியதும் பட்டென்று வெடித்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிர்நீலச் சுவாலையாக நின்றது.

“ஏனுங்க, அங்கிட்டுப் போய் நில்லுங்க. சேலையில பத்திக்கப் போவுது,” என்றாள் பாவாயி.

அவன் வாசலுக்குப் போனான். எதிர்வீட்டுக்கு முன்னால் துணி தேய்ப்பவர் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் புகை பட்டதும் கறுப்பு போய் ஈயப்பாத்திரம் போல நரைத்தான். திரும்ப வீட்டுக்குள் வந்தான், நீராவி பட்டது, திரும்பக் கறுத்தான், திரும்ப எரிந்தது. இட்லி வேகும்வரை பாவாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வலிக்குதா?” என்று கேட்டாள்.

“இல்ல. உள்ள என்னமோ இறுக்கிப் புடிச்சிட்டு விடற மாதிரி இருக்குது.”

அந்த ஊரில் இந்தக் கேள்வியை அவனிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு வேறு யாரும் கேட்கவில்லை.

கருமலையூருக்கு அதிசயம் என்றால் வாயைப் பிளந்து நிற்கும் வழக்கம் கிடையாது. எதில் தனக்கு என்ன கிடைக்கும் என்று உடனே பார்க்கத் தெரிந்த ஊர் அது. டீக்கடை மாரப்பன் மறுநாள் காலையிலேயே வந்து, “அர்த்தநாரி, சும்மாதான இருக்கிற, கடைப்பக்கம் வந்து நில்லு,” என்று கூட்டிக்கொண்டு போனான். பாய்லர் ஆவியில் ஒரு தரம், கரி அடுப்பில் ஒரு தரம் என்று அவனைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, வாயில் ஒரு ரப்பர் குழாயைக் கொடுத்து, மறுமுனையை அடுப்பில் செருகினான். சுவாலை வெயிலில் தெரியாததால் குனிந்து பார்த்து ஒரு பக்கப் புருவத்தை எரித்துக்கொண்டான். பாத்திரத்தில் கரி பிடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் புருவத்தை மறந்தான். கல்யாண மண்டபத்துக்காரர்கள் வந்தார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் வந்தார்கள். மகளிர் குழு வந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் சத்துணவுக் கூடத்துக்கு அவனை நிறுத்தவேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டு, அப்படியே தன் வீட்டுக்கும் ஒரு குழாய் இழுக்க முடியுமா என்று விசாரித்தார். கோயில் பூசாரி கருவறை தீபத்துக்கு அவனைக் கேட்டார், ஆனால் நிற்பதற்கு வெளியேதான் இடம் என்றார். எல்லோரும் அர்த்தநாரி, அர்த்தநாரி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போனான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி முகமெல்லாம் பளிச்சென்று போனான்.

செய்தி மையத்துக்கு எட்ட நேரமாகவில்லை. முனைவர் சிவசைலம் அவனைச் சுற்றி ஒரு தடவை நடந்து, விரலால் தட்டி ஓசை கேட்டு, “எத்தனை சுற்று ஓடியிருக்கிறாய்?” என்றார்.

“எண்ணலைங்க சார்.”

“கட்டி தட்டியிருக்கிறதா?”

“எனக்குங்களா?”

“பின்னே எனக்கா?”

அன்று பிற்பகல் அவனைக் கலன் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒருபக்கம் நீராவிக் குழாய், மறுபக்கம் கரிவாயுக் குழாய், முகத்தில் ஒரு மூடி. ஊராட்சித் தலைவர் குப்புராசு ஆளுயர மாலையோடு வந்து, “எங்க ஊரு மண்ணு, எங்க ஊரு இரும்பு,” என்று பேசினார். மாலையை முதலில் தன் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு பிறகு அர்த்தநாரியின் கழுத்தில் போட்டார். அர்த்தநாரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் தன் பேரைக் கேட்டதும் அவன் அழுதான். இனி வெகுகாலத்துக்கு அவன் கண்ணிலிருந்து கண்ணீர் வரப்போவதில்லை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

ஏனென்றால் உருண்டைக்கு நடந்தது அவனுக்கும் நடந்தது. முதலில் வேர்வை நின்றது. சட்டை நனையாமல் வருவதைப் பார்த்து, துவைக்கும் வேலை மிச்சம் என்று அவன் சிரித்தான், பாவாயி சிரிக்கவில்லை. பிறகு கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. செருப்பின் வார் நுழைய இடமில்லாமல் வெறுங்காலோடு நடந்தான். காதுமடல் தலையோடு படிந்தது. உள்ளங்கை ரேகைகள் மழுங்கி, பீங்கான் தட்டைத் தொடுவது போல ஆயிற்று. பாவாயி அவன் தோளில் கைவைத்தால் அவனுக்குத் தெரியாது, முன்னால் வந்து நின்றால்தான் திரும்பிப் பார்ப்பான். ஊர் முழுக்க இதைப் பார்த்தது. பார்த்து, தங்களுக்குள் தாங்குதிறனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

எவ்வளவு அறிவோடு பேசினார்கள் என்பதைக் கேட்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து, சர்க்கரை போதுமா என்று தீர்மானிக்கத் தெரியாதவர்களெல்லாம் அர்த்தநாரி இன்னும் எத்தனை மாதம் வருவான் என்று தீர்மானித்தார்கள். சூட்டைக் குறைத்தால் நீடிப்பான் என்று ஒரு கட்சி, சூட்டைக் குறைத்தால் வாயு குறையும், அதற்கு நீடித்துதான் என்ன பிரயோசனம் என்று இன்னொரு கட்சி. அலுமினா கலந்தால் துகள்கள் ஒட்டாது என்று சிவசைலம் சொன்னதும் தினமும் ஒரு கரண்டி வெள்ளைத்தூளை அவன் கஞ்சியில் கலந்தார்கள். அலுமினா சரிப்படவில்லை என்றதும் சிர்கோனியா கலந்தார்கள். அவன் மலச்சிக்கல் என்றான். அது ஆய்வுக்கு உட்பட்ட விஷயமல்ல என்று சொன்னார்கள். வாயு குறைந்த நாட்களில் மாரப்பன், “முன்ன மாதிரி இல்ல அவன், தலைக்கனம் ஏறிப்போச்சு,” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

ஒரு சாயங்காலம் பாவாயி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நாளையிலிருந்து போவாதீங்க.”

“அமைச்சர் வராரு புள்ள. என்னைய வெச்சுதான் பஸ்ஸு ஓடப்போவுது. என் பேரைச் சொல்லி அவரே கொடியசைக்கிறாராம்.”

“உங்க விரலைக் காட்டுங்க.”

அவன் காட்டினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாகியிருந்தன.

“ஊரே உங்களைப் போட்டு எரிக்குது, நீங்க மாலை சரியா விழுந்திருக்கான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க,” என்றாள் அவள். “அவனுங்களுக்குத்தான் வெக்கமில்ல. உங்களுக்குமா இல்ல?”

“உனக்குப் பொறாமை,” என்றான் அர்த்தநாரி.

அவள் எழுந்து போய் மறுபடி மிஷினை மிதித்தாள். அவன் சொன்னதற்குப் பதில் சொல்வதே கேவலம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஊசிக்கடியில் துணி கோணிக்கொண்டு போனது, பிரித்துத் திரும்பத் தைத்தாள், திரும்பவும் கோணியது.

அமைச்சர் வந்த நாளில் கருமலையூர் தன் அசிங்கத்தையெல்லாம் பச்சைத் துணி போட்டு மறைத்தது. ஹைட்ரஜன் பேருந்தைக் கழுவி, வாழைமரம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதன் தொட்டியை நிரப்ப அர்த்தநாரியை விடியற்காலையிலிருந்தே ஓட்டினார்கள். கரிவாயு, நீராவி, கரிவாயு, நீராவி, நடுவே மூச்சு வாங்க நேரமில்லாமல், சிவசைலம் வாட்சைப் பார்த்துப் பார்த்துக் குழாய்த் திருகைத் திருப்ப, குப்புராசு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடி ஓடி, “வந்துட்டாங்க, வந்துட்டாங்க,” என்று கத்த, அர்த்தநாரி மூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னான்.

“என்னவாம்?” என்றார் தலைவர்.

“முடியலையாம்,” என்றார் சிவசைலம்.

“முடியும் முடியும், நம்ம ஊரு இரும்பு,” என்றார் தலைவர், அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு நீராவியை எவ்வளவு விட்டும் அவன் கறுக்கவில்லை. எவ்வளவு கரிவாயு விட்டும் நரைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த வடிவத்திலேயே வழவழவென்று ஒரே கட்டியாக இருந்தான், கண்கள் மட்டும் அசைந்தன.

பேருந்து அமைச்சரை ஏற்றிக்கொண்டு மாரப்பன் கடைவரை போய் நின்றது. இறங்கியவர் அங்கே ஒரு டீ குடித்தார், டீ நன்றாக இருந்தது என்றார். மாரப்பன் அதை அப்படியே பலகையில் எழுதி மாட்டிக்கொண்டான். அர்த்தநாரி எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பாவாயி ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். காவலாளி, பொருளை வெளியே எடுத்துப் போக இயக்குநரின் கையெழுத்து வேண்டும் என்றான்.

“பொருளா?” என்றாள் பாவாயி. “உன் பொண்டாட்டி இடுப்பளவைச் சொல்லட்டுமா, இல்ல நீ வேற ஒருத்திக்கு ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு அவகிட்ட மறைச்ச கதையைச் சொல்லட்டுமா? கதவைத் திற.”

கதவு திறந்தது. ஓட்டுநரும் அவளுமாக அவனை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு வந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை, பார்த்தால் திட்டிவிடுவாள், திட்டினால் அழுதுவிடுவாள், அந்த ஊரின் எல்லைக்குள் அழக் கூடாது என்று வைத்திருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம், யாரும் பயிர் வைக்காத ஒரு மேட்டில், அவளுடைய அண்ணனுக்கு ஒரு கொட்டகை இருந்தது. அங்கே அவனைத் திறந்த வெளியில் ஒரு கயிற்றுக்கட்டிலில் சாய்த்து வைத்தாள். என்ன வைத்தியம் என்று அண்ணன் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. இத்தனை நாளா ஆளாளுக்கு என்னத்தையோ ஊதுனாங்க. ஒண்ணும் ஊதாம விட்டா என்ன ஆவும்னு ஒருத்தனும் பாக்கல. நான் பாக்கறேன்.”

நீராவி கூடாதென்று கொட்டகைக்குப் பின்னால் தூரமாகச் சமைத்தாள், புகை கூடாதென்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்பு மூட்டினாள். வெயில் அடித்தது, பனி இறங்கியது, மழை பெய்தது, மறுபடி வெயில் அடித்தது. அர்த்தநாரி முதன்முதலாகச் செம்மை நிறத்துக்கு மாறினான். கதவுக் கீல், பழைய வாளி, கைவிட்ட கலப்பை எல்லாம் சிவப்பது போல, யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாமல், சும்மா துருப்பிடித்தான். துரு உப்பியது. உப்பி, வெடித்து, மெல்ல மெல்ல ஏடு ஏடாகக் கழன்றது. பாவாயி தென்னம்பாளையால் தேய்த்து எடுத்தாள். முதலில் உதடு வந்தது.

“ஊர்ல என்னையப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?” என்றான் அவன்.

“கேட்டாங்க. வாயு எப்ப வரும்னு.”

மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். அவளும் அதையே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் சுருங்கியது, சுருங்கச் சுருங்கத் துரு உதிர்ந்தது. பிறகு ஒருநாள் அவன் கேட்கவில்லை. அன்று அவன் தோளில் அவள் கைவைத்தாள்; அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கையை எடுக்கவில்லை. எல்லையைத் தாண்டி வந்த நாளிலிருந்து வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து வந்தவன் மாநிறமான, மெலிந்த, மீசையில்லாத ஒரு ஆள். பாவாயிக்கு அவனை அடையாளம் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. கறுப்பா சாம்பலா என்று பார்த்தவர்கள் ஒருத்தரும் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து, தையல் மிஷினை எடுத்து வரலாம் என்று இருவரும் ஊருக்குப் போனார்கள். மையத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தது. அமைச்சரிடமிருந்து அந்தப் பொருள் என்ன ஆயிற்று என்று விசாரணை வந்ததாம். முழுச் சேவையையும் ஆற்றி முடித்தது என்று சிவசைலம் பதில் எழுதினாராம். அதைப் படித்த குப்புராசு அர்த்தநாரி செத்துவிட்டான் என்று முடிவுகட்டி நினைவஞ்சலிக்கு ஏற்பாடு செய்துவிட்டாராம். பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை நின்றது. பழைய கலனைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு பிடி செந்தூளை முகர்ந்து, இருமி, கண் சிவந்து, தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். மாரப்பன் இரண்டாம் தடவையாக வரிசையில் நின்றான். தலைமையாசிரியர் கைக்குட்டையில் கொஞ்சம் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அர்த்தநாரியும் பாவாயியும் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் ஒரு படம் இருந்தது. கறுப்பு முகம், முறுக்கிய மீசை, எங்கேயும் பார்க்காத கண். அவன் முகம் உள்ள படமே கிடைக்காமல், பந்தல்காரரிடம் இருந்த ஏதோ ஒரு படத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். பூசாரி அதற்குத் தீபம் காட்டினார். சிவசைலம் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை,” என்று ஆரம்பித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. “எங்கள் கலவையால்தான் அவர் அத்தனை காலம் தாங்கினார் என்பதை இந்த நேரத்தில் பணிவோடு…”

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது, பிறகு நிறுத்த முடியாமல் வந்தது. குப்புராசு எழுந்து பார்த்தார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, அக்குளில் வேர்த்து சட்டை நனைந்தது, அவன் பக்கத்திலிருந்தவள் அவன் தொடையில் கிள்ளிப் பார்த்துவிட்டு, அவளும் சிரித்தாள்.

“எழவு வீட்டில என்னய்யா சிரிப்பு? வெளிய போ,” என்று தலைவர் கத்த, நாலு பேர் வந்து இருவரையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனார்கள். அவர்களில் ஒருத்தன் கருமலையூர்க் கபடிக் குழுவின் பனியன் போட்டிருந்தான். அவன் அர்த்தநாரியின் சட்டைக் காலரைப் பிடித்து, “யாருய்யா நீ? செத்த மனுசனுக்கு ஒரு மரியாதை வேண்டாம்? அவரை உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியுமுங்க,” என்றான் அர்த்தநாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்த ஆளை எனக்குப் புடிக்காது.”